வாடிக்கையாளர் இல்லாத வடிகால்

ஒவ்வொரு நவம்பரிலும் சென்னையில் ஒரே கேள்வி எழுகிறது: இத்தனை கோடி கொட்டி வடிகால் கட்டினார்களே, தண்ணீர் ஏன் இன்னும் நிற்கிறது? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் வேண்டுமென்றால் அந்தக் கோடிகள் எங்கிருந்து வந்தன, அவற்றை யார் திருப்பிக் கட்டுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு டீக்குள் முடிகிற கதை இல்லை. இன்னொன்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் ஆலந்தூர். பரங்கிமலைக்குப் பக்கத்து ஊர். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சி. தொண்ணூறுகளில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிரம்பினால் லாரி. 1996-இல் நகராட்சித் தலைவரான ஆர்.எஸ். பாரதி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தார். செலவு சுமார் 34 கோடி ரூபாய். நகராட்சியிடம் அவ்வளவு பணம் இல்லை. அதனால் மக்களிடமே போனார்கள். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை. அதுவும் தெருவில் ஒரு குழாய்கூடப் பதிக்காதபோதே. அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக்கு 5,000 சின்னத் தொகை இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டின.

அப்படி மக்கள் கட்டிய பணம்தான் மற்றப் பணத்துக்கு வழிவிட்டது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் நம்பிக் கடன் கொடுத்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஒப்பந்ததாரர் தன் முதலீட்டில் பெருங்குடியில் கட்டினார். சுத்திகரிக்கும் அளவுக்கு ஏற்ப நகராட்சி அவருக்குப் பணம் தரும் என்பது ஏற்பாடு. அந்தப் பணத்துக்கும் கடன் தவணைக்கும் வீடுகளின் மாதக் கட்டணம் கைகொடுத்தது. இந்தியாவில் நகராட்சி நிதி பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் இந்தத் திட்டத்தை எடுத்துப் படிக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, பணம் கட்டியவர்கள் வேலை நடந்த காலமெல்லாம் வந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள் என்பதுதான். பள்ளத்தில் தன் காசும் கிடக்கிறவன் கேட்காமல் இருக்கமாட்டான்.

இப்போது மழைநீர் வடிகாலுக்கு வருவோம். சாக்கடைக் குழாய்க்கு வீட்டுக்கு வீடு இணைப்பு உண்டு, அதனால் கட்டணமும் உண்டு. மழைநீர் வடிகாலுக்கு இணைப்பும் இல்லை, மீட்டரும் இல்லை. உங்கள் மொட்டைமாடித் தண்ணீர், எதிர்வீட்டுத் தண்ணீர், மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஐ.டி. வளாகத்தின் வாகன நிறுத்தத் தண்ணீர் எல்லாம் கலந்து போகிறது. யாருக்கு எவ்வளவு என்று அளந்து பில் போட முடியாது. இந்த வசதிக்கு வாடிக்கையாளரே இல்லை. ஆகவே இங்கே இதற்குப் பணம் வரப் பெரும்பாலும் இரண்டே வழி: வரி, அல்லது பின்னால் வரியிலிருந்து கட்டப்போகும் கடன். மானியம் என்று வருவதும் எங்கோ ஒருவர் கட்டிய வரிதான்.

கடலோர ஊர் என்பதால் செலவும் கூடுதல். சென்னை தட்டையான நிலம். கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டர் உயரம்தான். வாட்டம் இல்லாத இடத்தில் தண்ணீரை ஓடவைக்கப் பெரிய வடிகால் வேண்டும், துல்லியமான மட்டம் வேண்டும். அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, கோவளம் என்று நான்கு வடிநிலங்கள். இவற்றின் தண்ணீர் சில முகத்துவாரங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அந்த முகத்துவாரங்களைக் கடல் அலை மணல் தள்ளி அடைத்துக்கொண்டே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையோரமாக நின்று மழை கொட்டியபோது கடலும் கொந்தளித்தது. ஆற்றுத் தண்ணீரை அது எளிதில் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசி நூறு மீட்டர் அடைபட்டால் மேலே கட்டிய நூறு கிலோமீட்டரும் நிரம்பித் தெருவுக்கு வரும். இதனால்தான் வார்டு வார்டாகத் திட்டம் போடாமல் வடிநிலம் வடிநிலமாகப் போடச் சொல்கிறார்கள். தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை கடலை ஒட்டிய நிலம் மணல். மழையைத் தானே உறிஞ்சி நிலத்தடி நீராக்கும். அங்கே சிமென்ட் வடிகால் வேண்டாம் என்று மக்களே எதிர்த்தார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அவர்கள் கேட்டது சரி என்றே நினைக்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் இப்படித்தான். யாரும் பணம் போடாமலே வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்த இடம். அதன் பெரும்பகுதியை நிரப்பிவிட்டு அதே வேலைக்கு இப்போது கடன் வாங்குகிறோம்.

கடன் எப்படி வருகிறது? 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. புதிதாகச் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் முறையான வடிகால் இல்லை. கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு மட்டும் போட்ட திட்டம் 3,220 கோடி ரூபாய். இதற்காக ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் ஒப்புக்கொண்ட கடன் 25.1 கோடி டாலர். கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் நிதி. இப்படிப்பட்ட வெளிநாட்டுக் கடன் மத்திய அரசு வழியாக மாநிலத்துக்கு வரும். வட்டி குறைவு, தவணைக் காலம் நீளம். ஆனால் டாலர் விலை ஏறினால் அந்தச் சுமை மாநிலத்தின் தலையில்தான் விழும்.

2025-இல் மாநகராட்சி தானே சந்தைக்கு வந்து 200 கோடிக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. வட்டி 7.97 சதவீதம். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 16 கோடி வட்டி மட்டும். சந்தையில் கடன் கொடுக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் சொந்த வருமானம் என்ன என்பது. அங்கேதான் சொத்துவரி வருகிறது.

சென்னையில் 1998-இல் திருத்திய சொத்துவரி, இடையில் ஒரு முறை உயர்த்திப் பிறகு நிறுத்தி வைத்ததைத் தவிர, 2022 வரை அப்படியே இருந்தது. சிமென்ட், கம்பி, கூலி எல்லாம் எத்தனை மடங்கு ஏறிய காலம் அது! பதினைந்தாவது நிதிக்குழு, வரியைச் சீர்செய்தால்தான் மானியம் என்று நிபந்தனை வைத்த பிறகே திருத்தம் வந்தது. பழைய நகரப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 சதவீதமும் 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 சதவீதமும் ஒரே மூச்சில் ஏறின. மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இந்த வலி இருந்திருக்காது. அந்த இருபத்து நான்கு வருடங்களில் வடிகால்களுக்கும் பணம் கிடைத்திருக்கும்.

பெரிய கட்டடம் கட்டுகிறவர்களிடம் 2007-இலிருந்து அடிப்படைக் கட்டமைப்பு வசதிக் கட்டணம் என்று ஒன்றை அரசு வசூலிக்கிறது. மண்ணை மூடிக் கட்டுவதால்தான் தண்ணீர் தெருவுக்கு வருகிறது. ஆகவே அந்தப் பணம் வசூலான வடிநிலத்திலேயே வடிகாலுக்கும் ஏரிக்கும் செலவாக வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக ஒன்று. கட்டத்தான் கடன் கிடைக்கும், தூர்வாரக் கிடைக்காது. ஒவ்வொரு அக்டோபருக்கும் முன்னால் வண்டலை எடுப்பது, கள்ளத்தனமாக விட்ட சாக்கடை இணைப்புகளைத் துண்டிப்பது, முகத்துவார மணலை அள்ளுவது எல்லாம் வருடாந்தர வரவு செலவுக்குள் வர வேண்டியவை. இவற்றுக்குத் திறப்பு விழாவும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது.

2022-இலிருந்து நகரங்களிலும் கிராம சபைபோலப் பகுதி சபைகள் கூடுகின்றன. உங்கள் பகுதியில் கூடும்போது போங்கள். எத்தனை கிலோமீட்டர் வடிகால் கட்டினீர்கள் என்று கேட்க வேண்டாம். எங்கள் தெருத் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக எந்த முகத்துவாரத்துக்குப் போகிறது, அந்த வழியில் கடைசியாகத் தூர்வாரியது எப்போது, இந்த வருடம் அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.