என்.எஃப்.எல். விதிகள் பாஸ் ஆட்டத்துக்கு மட்டுமே சாதகமா?

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-லில், "டிஃபென்ஸை ஆடவே விடமாட்டேங்கிறாங்க" என்பது ரசிகர்களின் பழைய புலம்பல். அதில் உண்மை இருக்கிறதா?

1978-ல் என்ன மாறியது?

ஸ்கோர் குறைந்து ஆட்டம் மந்தமானதால் 2 மாற்றங்கள் வந்தன. ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 யார்டு தாண்டிய ரிசீவரை இடித்துத் தடுக்கக் கூடாது. பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்கள் கையை நீட்டித் தடுக்கலாம்.

தண்டனை சமமா?

இல்லை. பந்தைப் பிடிக்கவிடாமல் டிஃபெண்டர் இடைஞ்சல் செய்தால், தவறு நடந்த இடத்துக்கே பந்து போய்விடும். 40 யார்டு தள்ளி நடந்தால் 40 யார்டும் எதிரணிக்கு லாபம். அதே தவறை ரிசீவர் செய்தால் 10 யார்டுதான் நஷ்டம்!

பலன் என்ன?

1984-ல் டான் மரினோ ஒரே சீசனில் 5,084 யார்டு பாஸ் செய்தார். இன்னொருவர் 5,000-ஐத் தொட 24 வருஷம் ஆனது. 5 யார்டு விதியை 2004-ல் கறாராக்கினார்கள். 2011-ல் மட்டும் 3 பேர் 5,000-ஐத் தாண்டினார்கள்.

குவார்ட்டர்பேக் மேல் முழு எடையோடு விழுந்தாலும் 15 யார்டு அபராதம் என்ற விதியை 2018-ல் கறாராக்கினார்கள். காயத்தைத் தடுக்கத்தான் இது. ஆனால், பாய்ந்து வரும் வீரர் கடைசி நொடியில் உடலைத் திருப்பியாக வேண்டும்.

அப்போ டிஃபென்ஸ் அவ்வளவுதானா?

அப்படியும் இல்லை. 2013 சீசனில் 606 புள்ளிகள் குவித்து சாதனை படைத்தது டென்வர். அதே அணியை சூப்பர் பவுலில் 43-8 என நொறுக்கியது சியாட்டிலின் டிஃபென்ஸ். விதிகள் பாஸ் பக்கம் சாய்ந்திருப்பது நிஜம்தான். ஆனாலும், நல்ல டிஃபென்ஸ் இருந்தால் கோப்பையை வெல்லலாம்.