ஒரு கண் நீலம்... ஒரு கண் பழுப்பு!

ஒரு கண் வானம் போல நீலம். இன்னொரு கண் காபிக்கொட்டை போலப் பழுப்பு. இப்படிப்பட்ட நாயைப் படத்திலோ, நேரிலோ பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? 'ஐயோ பாவம், நீலக் கண் தெரியாது போலிருக்கு' என்று பலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. பிறவியிலேயே நிறம் மாறியிருந்தால், பெரும்பாலும் இரண்டு கண்களுமே நன்றாகத் தெரியும்!

கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரிவது கண்பாவை. அதைச் சுற்றியுள்ள வண்ண வளையத்தின் பெயர் ஐரிஸ். இந்த வளையத்துக்கு நிறம் தருவது, 'மெலனின்' என்ற நிறமி. நம் தலைமுடிக்கும், தோலுக்கும் நிறம் தருவதும் இதுதான். மெலனின் நிறைய இருந்தால் கண் பழுப்பாக இருக்கும். மிகவும் குறைந்தால் நீலமாகத் தெரியும்.

அப்படியானால் நீலக் கண்ணில் நீல நிறமி இருக்கிறதா? துளிகூடக் கிடையாது! ஐரிஸில் படும் ஒளி சிதறுவதால்தான் அது நீலமாகத் தெரிகிறது. வானம் நீலமாகத் தெரிவதும் ஒளிச் சிதறலால்தானே!

தாயின் வயிற்றில் குட்டி வளரும்போது, மெலனினைத் தயாரிக்கும் செல்கள் முதுகுப் பக்கம் தோன்றி, உடல் முழுவதும் பரவுகின்றன. ஒரு கண்ணுக்கு அவை சரியாக வந்து சேராவிட்டாலோ, வந்தும் போதிய மெலனினைத் தயாரிக்காவிட்டாலோ, அந்தக் கண் மட்டும் நீலமாகிவிடும். இதற்கு 'ஹெட்டரோகுரோமியா' என்று பெயர். சில நாய்களுக்கு ஒரே கண்ணில் பாதி நீலம், பாதி பழுப்பு இருப்பதும் உண்டு.

பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் சைபீரியன் ஹஸ்கி நாய்களிடம் இது சகஜம். 2018ல், 6,000க்கும் அதிகமான நாய்களின் டி.என்.ஏ.,வை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் 18வது குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இரட்டிப்பாகியிருப்பதற்கும், ஹஸ்கியின் நீலக் கண்ணுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்தனர்.

ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற நாய்களின் உடலில் சாம்பலும், கறுப்புமாகத் திட்டுத் திட்டாக நிறம் இருக்கும். இதற்குக் காரணம் 'மெர்ல்' என்ற மரபணு மாற்றம். இது கண்ணையும் நீலமாக்கும். இங்கேதான் ஓர் ஆபத்து இருக்கிறது.

நிறமி செல்கள் அழகுக்காக மட்டும் இல்லை குட்டீஸ். காதின் உள்ளேயும் அவை இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒலியை உணரும் நுண்ணிய செல்கள், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். பிறகு காது கேட்கவே கேட்காது.

தாய், தந்தை இரண்டுமே மெர்ல் நாய்களாக இருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இந்த மரபணு மாற்றம் இரு பக்கமிருந்தும் வந்து சேரும். அப்படிப் பிறக்கும் குட்டிகளில் பல, காது கேட்காமலோ, பார்வை இல்லாமலோ அவதிப்படும். 'அழகான நிறத்தில் குட்டி வேண்டும்' என்ற மனிதர்களின் ஆசைக்கு, பாவம், குட்டிகள் விலை கொடுக்கின்றன. அதனால்தான், இரண்டு மெர்ல் நாய்களை ஜோடி சேர்க்கக் கூடாது என்கின்றனர் கால்நடை மருத்துவர்கள்.

புள்ளி புள்ளியாக இருக்கும் டால்மேஷன் இனத்திலும், நீலக் கண் உள்ளவற்றுக்குக் காது கேளாமை அதிகம். ஆனால், ஹஸ்கியின் நீலக் கண்ணால் பொதுவாகக் காதுக்குப் பாதிப்பு வருவதில்லை.

காது கேட்காத நாயும் நல்ல தோழன்தான். கை சைகையால் 'உட்கார்', 'வா' என்று பழக்கலாம். அது தூங்கும்போது பின்னால் போய்த் திடீரென்று தொடாதீர்கள்; பயந்துவிடும். அதன் கண்ணில் படும்படி முன்னால் வாருங்கள்.

இன்னொன்று: பிறந்து கண் திறக்கும்போது பல குட்டிகளின் கண் நீலமாகத்தான் இருக்கும், சில வாரங்களில் மாறிவிடும். ஆனால், வளர்ந்த நாயின் கண் திடீரென்று நிறம் மாறினாலோ, வெளுத்துப் போனாலோ அது நோயாக இருக்கலாம். உடனே பெரியவர்களிடம் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாயில்லா ஜீவனால் 'கண் வலிக்கிறது' என்று சொல்ல முடியாது. நாம்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். சரிதானே குட்டீஸ்!