படையும் பொருளும்: இலங்கையின் பாதுகாப்புக் கொள்கை பற்றிய ஒரு நோக்கு

திருக்குறளின் பொருட்பாலில் 75ஆம் அதிகாரம் அரண்; 77ஆம் அதிகாரம் படைமாட்சி. இவ்விரண்டிற்கும் நடுவே பொருள்செயல்வகை வைக்கப்பட்டுள்ளது. கோட்டையையும் சேனையையும் கூறவந்தவர் அவற்றிடையே கருவூலத்தை வைத்தமை தற்செயலன்று என்றே கொள்ளத் தோன்றுகின்றது. பொருளின்றிப் படையில்லை என்பது யாவரும் அறிந்ததே. இருக்கும் பொருளுக்கு எத்தகைய படை, எவர்க்கு எதிராக, என்னும் வினாவே அரிது. அவ்வினா இன்று இலங்கையின் வாயிலிலே வந்து நிற்கின்றது.

2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஒன்பது மாதங்கள் கழிந்து, 2023 சனவரியில், தரைப்படையைச் சுருக்கும் திட்டம் வெளியாயிற்று. அப்போது அங்கீகரிக்கப்பட்டிருந்த ஆட்தொகை 200,783. அதனை 2024இல் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைப்பதே இலக்கு. பின்னர் அரசு மாறிய பொழுதும் 2030ஆம் ஆண்டின் இலக்குக் கைவிடப்படவில்லை.

ஆட்தொகையைக் குறைப்பதனால் என்ன பயன் என்பார்க்கு ஒரு கணக்கை எடுத்துக்காட்டல் வேண்டும். 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 41,000 கோடி ரூபா. இத்தகைய தொகையிற் பெரும்பகுதி சம்பளத்திற்கும், உணவிற்கும், சீருடைக்குமே செலவாகின்றது. கப்பலுக்கும், ராடாருக்கும், பயிற்சிக்கும் எஞ்சுவது சிறிது. ஆட்கள் மிகுந்து கருவிகள் குறைந்த படை, பார்வைக்குப் பெரிதாயினும் செயலிற் சுருங்கியதே. ஆகவே குறைப்பதை யாம் குறைகூறவில்லை. குறைப்பதற்கு முன் எதனைக் காக்கப் போகின்றோம் என்பதை வரையறுத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

பிரித்தானியர் 1957இல் இவ்வாறே செய்ய முயன்றனர். சூயசுக் கால்வாய் முயற்சி முந்திய ஆண்டிலே தோல்வியுற்றது, பணமும் நெருக்கியது. பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்ட்சு வெளியிட்ட வெள்ளை அறிக்கை கட்டாயப் படைச்சேவையை முடிவுக்குக் கொண்டுவரவும், முப்படைகளின் ஆட்தொகையை 1962இன் முடிவில் 375,000 ஆகக் குறைக்கவும் வழிவகுத்தது. இனி அணுவாயுதமும் ஏவுகணையுமே அரண் என்பது அவ்வறிக்கையின் அடிப்படை. விமானி ஓட்டும் போர் விமானங்களின் காலம் முடிகின்றது என்னும் அதன் கணிப்புப் பிழைத்தது. அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் அவை பறக்கின்றன. ஆயினும் ஒரு கொள்கையை முன்வைத்து அதன்படி ஆட்களைக் குறைத்தனர் என்னும் பெருமை அதற்குண்டு.

அதே 1957இலேதான் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. 1947 நவம்பரில் கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின் நிழலிலே சிறு படையொன்றே போதுமென எண்ணியிருந்த நாடு இது. 1949 ஒக்டோபர் 10இல் தோன்றிய இலங்கைத் தரைப்படை, 1971இலும் சில ஆயிரம் பேரையே கொண்டிருந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் விடியற்காலையில், கொஸ்லந்தையிலிருந்து இறங்கும் வீதி சென்றடையும் வெல்லவாயவிலே, பொலிஸ் நிலையம் கிளர்ச்சியாளராற் தாக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியா, சோவியத் ஒன்றியம் எனப் பல திசைகளிலும் உதவி வேண்ட நேர்ந்தது. சிறு படையின் இடர் அது.

பெரும் படைக்கும் இடர் உண்டு. 2019 ஏப்பிரல் 21இல் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களும் விடுதிகளும் தாக்கப்பட்ட காலத்தில் நாட்டிலே ஆட்படைக்குக் குறைவில்லை. இந்தியாவிலிருந்து எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. அது உரியவர் கைக்குச் சென்று உரிய செயலாக மாறவில்லை. எண்ணிக்கை அவ்விடத்து என் செய்யும்?

கடலை நோக்குவோம். இலங்கையின் தனிப்பொருளாதாரக் கடல்வலயம் நிலப்பரப்பினும் ஏறத்தாழ எட்டு மடங்கு விரிந்தது. அதனைக் காக்கும் கலங்களிற் சில அமெரிக்கக் கரையோரக் காவற்படை பயன்படுத்திய பின் வழங்கியவை. ஒன்று சீனாவின் நன்கொடை. ஈந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தல் தகாது என்பர் நம் முன்னோர். ஆயினும் அம்மாட்டுக்கு வைக்கோல் நாமே இடல் வேண்டும். எரிபொருளும் உதிரிப்பாகங்களும் நம் செலவே. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய பொழுது இந்தியக் கரையோரக் காவற்படையும் துணைக்கு வரவேண்டியிருந்தது.

ஊவாவின் மலைகளிலே பகைவர் வருவது கடலாலும் அன்று, வானாலும் அன்று, மழையால். 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. படையினர் பெக்கோ இயந்திரங்களோடு வந்து சேற்றிலே நாட்கணக்காகத் தேடினர். அவர்தம் உழைப்பை இவ்வூர் மறவாது. ஆயினும் அவ்விடம் குடியிருப்புக்கு உகந்ததன்று என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தது. வெடிகுண்டுக்கு நேர்ந்ததே மண்சரிவுக்கும் நேர்ந்தது: எச்சரிக்கை இருந்தது, கேட்டுச் செயற்படும் ஒழுங்கு இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. பதுளை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. வீதிகள் துண்டிக்கப்பட்ட மலையிலே துப்பாக்கி தாங்கிய பத்துப் பேரினும் ஒரு ஹெலிகொப்டரும் பாலம் அமைக்கவல்ல பொறியியற் பிரிவும் பயனுடையன என்பதை மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

குறைக்கப்படும் ஆட்களின் நிலை யாது என்பதும் பாதுகாப்பைச் சார்ந்ததே. படைத்தொழில் அன்றி வேறு தொழில் அறியாது வெளியேறியவர் பலர், பெருஞ்சம்பள ஆசையால் உருசிய–உக்ரேனியப் போர்க்களத்திற்குச் சென்று மடிந்த செய்தி 2024இல் வெளிவந்தது. விலகுமுன் ஒவ்வொருவர்க்கும் இயந்திரமோ, கட்டடமோ, மின்தொழிலோ கற்பித்தல் கருவூலத்திற்குப் பெருஞ்சுமையாகாது. இராணுவக் கல்விக்கழகம் அமைந்த தியத்தலாவை எம் மலையிலேயே உள்ளது. மீட்புப்பணிக்கான சிறப்புப் பிரிவொன்றை அங்கு நிலைநிறுத்தல் அரிதன்று. அப்பிரிவிலே தமிழறிந்தோரும் சேர்க்கப்படல் வேண்டும். சரிந்த லயத்தில் எந்த அறையில் எத்தனை பேர் உறங்கினர் என்பதை அழுதுகொண்டு நிற்கும் தாயிடம் அவள் மொழியிலேயே கேட்டறிந்தாலன்றி, எவ்விடத்தைத் தோண்டுவது என்பது தெரியாது.