நுண்ணுயிர் தரும் புளிப்பு

பாலிற் பிரையிட்டு வைப்பின் விடிவதற்குள் அது தயிராகின்றது. பாலிலுள்ள சர்க்கரையை உண்ட நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை வெளியிடுவதே அதற்குக் காரணம். அவ்வாற்றலை மக்கள் தமக்கு வேண்டியவழித் திருப்ப முயன்ற வரலாறு ஒன்றைக் காண்போம்.

சக்சினிக் அமிலம் என ஒன்றுண்டு. 1546-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் அகிரிகோலா, கல்லென இறுகிய பழைய மரப்பிசினாகிய அம்பரைக் காய்ச்சி வடித்து அதனைப் பெற்றார். இலத்தீனில் அம்பருக்குச் சக்சினம் என்று பெயர். உணவுக்குப் புளிப்பூட்டவும், மண்ணில் மக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக் செய்யவும் இவ்வமிலம் உதவுகின்றது. நெடுங்காலமாக இதனைப் பெட்ரோலியப் பொருள்களிலிருந்தே ஆக்கி வந்தனர். பெட்ரோலியமோ எடுக்க எடுக்கக் குறைவது. சர்க்கரையோ ஆண்டுதோறும் விளைவது.

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா, காற்றில்லாவிடத்துச் சர்க்கரையை உண்டு, லாக்டிக், அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களையும் எரிசாராயத்தையும் ஆக்கும். சக்சினிக் அமிலம் அவற்றிடையே சிறிதளவே. வேண்டாத மடைகளை அடைப்பின் வேண்டிய வயலுக்கு நீர் பாயுமன்றோ? அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தார் 1990-களில் அவ்வாறே எண்ணி, லாக்டிக், ஃபார்மிக் அமிலங்களுக்குரிய இரண்டு மரபணுக்களைச் செயலற்றனவாக்கினர்.

அந்தோ! அப்பாக்டீரியா காற்றில்லாவிடத்துக் குளுக்கோசை உண்டு வளரவே இல்லை. சர்க்கரை சிதையும்போது வெளிப்படும் எலக்ட்ரான்களை உயிரணு எதன்மேலாவது ஏற்றியாக வேண்டும். காற்றுள்ளவிடத்து அவற்றை ஆக்சிசன் ஏற்கும். இல்லாவிடத்து லாக்டிக் அமிலமும் எரிசாராயமும் ஆகும் வழிகளே பெரிதும் ஏற்பன. ஃபார்மிக் அமிலத்தின் வழி அடைபடவே, அதனைச் சார்ந்த எரிசாராய வழியும் உடன் அடைபட்டது. கழிவென்று நாம் இகழ்வது அச்சிற்றுயிருக்கு மூச்சுப் போன்றது.

பின்னர், அவ்வினத்தினின்று தானே திரிந்த ஒருவகை தோன்றி வளரக் கண்டனர். குளுக்கோசை உள்ளே கொணரும் மரபணு ஒன்று அதிற் பழுதுபட்டிருந்தது! வழக்கமாக, அப்பணிக்கு மூன்று கரியணுக்களையுடைய பொருளொன்றை உயிரணு செலவிடும். அச்செலவு ஒழிந்தமையால், எஞ்சிய அப்பொருள் கரியமிலவாயுவை ஏற்று நான்கு கரியணுக்களை உடையதாகி, எலக்ட்ரான்களையும் ஏற்றுச் சக்சினிக் அமிலமாயிற்று என்பர். பழுதே பயனாயிற்று, ஆய்வாளர் வகுத்த திட்டத்தில் இஃது இல்லை.

இனி, ஆலையில் வேறொரு தொல்லை. புளிப்பு மிகின் பாக்டீரியா தளரும். ஆதலின் காரப்பொருள் இட்டுப் புளிப்பைத் தணித்து, உப்பாகிய அமிலத்தைப் பின்னர் மீட்க வேண்டும்; செலவு பெருகும். புளிப்பைத் தாங்கும் ஈஸ்டைக்கொண்டு இத்தாலியில் 2012-இல் ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. கனடாவின் சார்னியா நகரில் 2015-இல் மற்றொன்று திறக்கப்பெற்றது. அதனை நடத்திய நிறுவனம் 2018-இல் கடன் தாங்காது முறிந்தது.