ஆள் பிடிக்கும் கண்: பேஸ்பால், கங்காணி, பதினாறு வயது

'பிள்ளை பிடிக்கிறவன்' என்று நம் ஊர்களில் ஒரு சொல் உண்டு. சோறு தின்ன மறுக்கும் குழந்தையைப் பயமுறுத்தச் சொல்வது. கோணிப்பையோடு வருவான், தூக்கிக்கொண்டு போய்விடுவான். பெற்றவர்களே பிள்ளையை முன்னால் தள்ளி 'இவனைக் கொண்டு போங்கய்யா' என்று காத்து நிற்கிற ஊர்களும் உலகத்தில் இருக்கின்றன. அங்கே வருகிறவருக்கு 'ஸ்கவுட்' என்று பெயர். கையில் கோணி இருக்காது. பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கருவியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். அமெரிக்க பேஸ்பால் அணிகள் வெளிநாட்டுச் சிறுவர்களை எப்படித் தேடுகின்றன, எப்படி விலை பேசி எடுக்கின்றன என்பதை விளக்குவதே இங்கு என் நோக்கம்.

பூந்தமல்லியில் உட்கார்ந்துகொண்டு பேஸ்பாலைப் பற்றி என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் பீகாரைச் சேர்ந்த வைபவ் சூர்யவன்ஷியை ராஜஸ்தான் அணி 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அப்போது அவருக்கு வயது 13. அந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: "என் பையனுக்குப் பதினாலு ஆவுது சார். லேட்டாயிடுச்சா?" பதினாலு வயதில் ஒருவன் தாமதமாகிவிட்டான் என்று நினைக்க வைப்பது எது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் பேஸ்பாலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஏனெனில் வயதை விலைக்கு வாங்கும் தொழிலை அவர்கள் பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறார்கள்.

1

முதலில் விதிகள். அமெரிக்காவில் வளரும் பையனை எந்த அணியும் நேராகப் போய் ஒப்பந்தம் செய்துவிட முடியாது. 1965 முதல் 'டிராஃப்ட்' என்ற முறை இருக்கிறது. அணிகள் வரிசைப்படி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். பையன் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். கனடாவும் போர்ட்டோ ரிக்கோவும் இந்த முறைக்குள் வந்துவிட்டன. டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா முதலிய நாடுகள் வெளியே நிற்கின்றன. அங்கே ஒரு பையன் 16 வயதில் எந்த அணியோடும் கையெழுத்துப் போடலாம். இந்த 16 என்ற வரம்பும் சும்மா வந்துவிடவில்லை. 1984இல் டொரண்டோ அணி 13 வயதுப் பையன் ஒருவனை ஒப்பந்தம் செய்தது. அதற்குப் பிறகுதான் வரம்பு போட்டார்கள்.

ஆக, ஒரே விளையாட்டில் இரண்டு வகைக் குழந்தைப் பருவம் இருக்கிறது. ஒரு பையனுக்குப் பள்ளிக்கூடம் முடியும்வரை விதி காவல் நிற்கிறது. இன்னொருவனுக்கு அந்தக் காவல் கிடையாது. 16இல் கையெழுத்து என்றால் 12, 13லேயே தயாரிப்பு தொடங்கியாக வேண்டும். பள்ளிக்கூடம் அங்கேயே கழன்று விழுந்துவிடுகிறது.

கையெழுத்துப் பருவம் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15இல் தொடங்குகிறது (முன்பு ஜூலை 2). ஓர் அணி இதற்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று 2017 முதல் கறாரான உச்சவரம்பு உண்டு. 2025இல் அது அணிக்குத் தகுந்தபடி சுமார் 51 லட்சம் டாலரிலிருந்து 75 லட்சம் டாலர் வரை இருந்தது. பெரிய தொகைதான். ஆனால் தேறிய ஒரே ஒரு நட்சத்திர வீரரின் ஓராண்டுச் சம்பளம் இதைப்போலப் பல மடங்கு. இந்தப் பணத்தில் ஓர் அணி டஜன் கணக்கில் பையன்களை எடுக்கிறது.

2

அடுத்து, பார்வை. ஸ்கவுட் என்ன பார்க்கிறார்? அடிப்பது, பலமாக அடிப்பது, ஓடுவது, எறிவது, பந்தைத் தடுத்துப் பிடிப்பது ஆகிய ஐந்து திறன்கள். ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். அதில் இரண்டு மதிப்பெண் போடுவார்கள்: இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு. இந்த 'நாளைக்கு' தான் சங்கதி. பையனின் மணிக்கட்டு, தோள் அகலம், பாதம், தகப்பனின் உயரம் எல்லாம் கவனிக்கப்படுகின்றன. நம் மாட்டுச் சந்தையில் கன்றின் பல்லைப் பிடித்துப் பார்த்து, தாய் மாடு எப்படி என்று விசாரிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதாவது வாங்கப்படுவது பையனின் ஆட்டம் அல்ல, அவனுடைய எதிர்காலம். மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுவதைப் போல. காய் பிடித்தால் குத்தகைக்காரனுக்கு லாபம். காற்றடித்து உதிர்ந்தால் அவனுக்கு நஷ்டம்தான், ஆனால் அவனிடம் இன்னும் முப்பது தோப்பு இருக்கிறது. பையனிடம் இருப்பது ஒரே உடல், ஒரே தோள்பட்டை.

இந்தக் கண் தவறவும் செய்யும். வெனிசுவேலாவின் ஹோசே அல்டூவே குள்ளம் என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டவர். மறுபடி வந்து நின்றபோது 2007இல் 15,000 டாலருக்கு எடுத்தார்கள். 2017இல் அவர் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர். இதை விடாமுயற்சியின் கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கண் திருப்பி அனுப்பிய மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி இந்தக் கதையாடலுக்குள் வருவதே இல்லை.

3

மூன்றாவது, இடையில் நிற்கும் ஆள். டொமினிக்கன் குடியரசில் அவருக்கு 'புஸ்கோன்' என்று பெயர். தேடுகிறவர் என்று பொருள். தெருவிலும் திடலிலும் ஆடும் சிறுவர்களிடையே தேறக்கூடியவனை முதலில் கண்டுபிடிப்பவர் இவரே. பையனைத் தன் இடத்தில் தங்கவைப்பார், சோறு போடுவார், பயிற்சி கொடுப்பார், மூன்று நான்கு வருடம் வளர்ப்பார். கையெழுத்தாகும் நாளில் முன்பணத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வார். ஸ்கவுட்டிடம் பேரம் பேசுவதும் அவர்தான். சட்டப்படி 16க்கு முன் பேசக் கூடாது. ஆனால் 13, 14 வயதிலேயே வாய்ப்பேச்சில் விலை முடிந்துவிடுவது ஊரறிந்த ரகசியம். மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே மாதிரி. 2017இல் அட்லாண்டா அணியின் திருட்டுப் பேரங்கள் அம்பலமாகி, பத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களின் ஒப்பந்தங்கள் ரத்தாயின. அணியின் பொது மேலாளருக்கு அப்போது வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது.

இந்த ஆளை நமக்குத் தெரியும். நம் சரித்திரத்தில் அவர் பெயர் கங்காணி. இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் சேர்த்த கங்காணி வெளியாள் அல்ல. சொந்த ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். முன்பணம் கொடுப்பார். கடன் அடைந்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். அந்தக் கடனைக் குறித்த சீட்டுக்கு இலங்கையில் 'துண்டு' என்றே பெயர். அந்த முறையை ஒழிக்க 1921 வரை ஆயிற்று. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு'. மலேயாவுக்குப் போனவர்களைக் கப்பலேற்றும் முன் தங்கவைத்துச் சோதித்த முகாம்கள் இரண்டு. ஒன்று நாகப்பட்டினத்தில், மற்றது இதோ எங்கள் பக்கத்து ஆவடியில்.

கங்காணி என்ற சொல்லின் வேர் கண்காணி. ஆளைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும் ஆளை மேய்க்கும் கண்ணும் ஒன்றே என்பதை நம் மொழி எப்போதோ சொல்லிவிட்டது. ஃபூக்கோ வழியாக நாம் சுற்றிக்கொண்டு வந்துசேர்ந்த இடம் இது. டொமினிக்கன் குடியரசில் இன்று 30 அணிகளுக்கும் பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் புகழ்பெற்ற கூடம் 1987இல் திறக்கப்பட்டது. படுக்கை, சாப்பாடு, ஆங்கில வகுப்பு, எடை, தூக்கம் எல்லாம் கணக்கில் வைக்கப்படுகின்றன.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஏராளமான வீரர்களைத் தந்த சான் பெத்ரோ தெ மக்கோரிஸ் ஒரு சர்க்கரை ஆலை நகரம். ஆங்கிலம் பேசும் கரீபியத் தீவுகளிலிருந்து கரும்பு வேலைக்கு வந்த கூலிகள் அங்கே கிரிக்கெட் ஆடினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பேஸ்பாலுக்கு மாறினார்கள். தோட்டக் கூலியின் வாரிசுதான் அங்கே ஏற்றுமதிச் சரக்கானான்.

ஆனால் ஒப்புமையை ரொம்பவும் இழுத்துவிடக் கூடாது. புஸ்கோனை வில்லனாக்குவது அணிகளுக்கு வசதி. அரசும் பள்ளிக்கூடமும் கைவிட்ட பையனுக்கு மூன்று வேளை சோறு போட்டவர் அவர். அவர் பேரம் பேசுவதால்தான் பையனின் விலை ஏறுகிறது. வெளிநாட்டுச் சிறுவர்களுக்கும் டிராஃப்ட் கொண்டுவருகிறோம், ஊழல் ஒழியும் என்று லீக் சொன்னபோது, 2022 ஜூலையில் வீரர்கள் சங்கம் அதை ஏற்கவில்லை. டிராஃப்ட் வந்தால் பையனுக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும், பணமும் குறையும் என்பது வாதம். இடைத்தரகனை ஒழிப்பது எப்போதும் உழைப்பாளிக்கு லாபம் என்பது நம் இடதுசாரி மேடைகளின் சௌகரியமான நம்பிக்கை. இங்கே அது செல்லாது.

4

இனி வயது. 16 வயதுப் பையன் இன்று வேகமாக எறிந்தால் அவனுக்கு லட்சங்களில் விலை. அதே வேகத்தில் 20 வயதுக்காரன் எறிந்தால் சில ஆயிரம் டாலர். அப்படியானால் பொய்ப் பிறப்புச் சான்றிதழ் உண்டாகாமல் என்ன செய்யும்? 2006இல் வாஷிங்டன் அணி 14 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த டொமினிக்கன் பையனின் பெயரும் பொய், வயதும் பொய் என்று 2009இல் தெரியவந்தது. உண்மையில் அவர் நான்கு வயது மூத்தவர். அதே 2009இல் மிகேல் சானோ என்ற சிறுவருக்கு எலும்புப் பரிசோதனை, குடும்பத்தோடு சேர்த்து டி.என்.ஏ. பரிசோதனை என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் மின்னசோட்டா அணி 31.5 லட்சம் டாலருக்கு எடுத்தது.

பத்திரிகைகள் இதை 'வயது மோசடி' என்றே எழுதின. மோசடிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏழையின் பிறந்த தேதிக்கு இவ்வளவு விலை வைத்தது யார் என்று கேட்காத வரை அது பாதி உண்மை. நம் கிரிக்கெட் வாரியமும் வயதுப் பிரிவுகளுக்கு எலும்புப் பரிசோதனை நடத்துகிறது. காகிதம் சொல்வதை நம்ப மாட்டோம், தாய் சொல்வதை நம்ப மாட்டோம், எலும்பு சொல்லட்டும் என்பது அதிகாரத்தின் புதிய இலக்கணம்.

இன்னொரு நுணுக்கம். மைனர் லீக் வீரர்களின் முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் 2023இல் வந்தது. அதன்படி 19 வயதிலோ அதற்குப் பிறகோ சேருபவரை அணி ஆறு பருவங்கள் கட்டிவைக்கலாம். அதற்கு முன் சேருபவருக்கு ஏழு. எவன் சின்னவனோ அவனுக்குக் கயிறு நீளம். இதைவிட முக்கியமானது: டொமினிக்கன் பயிற்சிக்கூடங்களில் இருக்கும் சிறுவர்கள் இந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே வரவில்லை.

5

இந்தக் கண் நம் பக்கமும் ஒரு முறை திரும்பியது. அமெரிக்க விளையாட்டு முகவர் ஜே. பி. பெர்ன்ஸ்டீன் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியை இந்தியாவில் நடத்தினார். கிரிக்கெட் தேசத்தில் வேகப் பந்துவீச்சாளன் கிடைப்பான் என்பது கணக்கு. தேறிய இருவரும் கிரிக்கெட்காரர்கள் அல்ல. உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களிலிருந்து வந்த ஈட்டி எறிபவர்கள்: ரிங்கு சிங், தினேஷ் படேல். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2010இல் தினேஷ் விடுவிக்கப்பட்டார். ரிங்குவின் முழங்கை கெட்டது, அறுவைச் சிகிச்சை ஆயிற்று, பிறகு மல்யுத்தக் காட்சிக்குப் போனார். இருவருமே முதன்மை லீகை எட்டவில்லை. 2014இல் டிஸ்னி படமாக்கியது, இசை ஏ. ஆர். ரஹ்மான். ஒப்பந்தம் கையெழுத்தாவதோடு அந்தக் கதை முடிந்துவிடும். கண்ணுக்கு அதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லை.

6

என்ன கேட்பது? பயிற்சிக்கூடத்தை மூடு என்று கேட்பதில் பயனில்லை. எங்கள் தெருத் தகப்பனாரிடம் போய் 'ஆசைப்படாதே' என்று சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். 2021 டிசம்பரில் பூந்தமல்லியை ஒட்டிய விடுதியில் தங்கி ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போய்வந்த இளம்பெண்கள் கெட்டுப்போன சாப்பாட்டால் விழுந்தார்கள். 159 பேர் மருத்துவமனையில். மற்றவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலையே சில வாரம் மூடிக் கிடந்தது. அவர்களும் ஆள் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள், விடுதியில் அடைக்கப்பட்டவர்கள், இளவயதுக்காக எடுக்கப்பட்டவர்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே கூலி. பக்கத்துப் படுக்கைக்காரி போட்டியாள் அல்ல. அதனால் சேர்ந்து உட்கார முடிந்தது.

பயிற்சிக்கூடத்துப் பையன்களுக்கு ஆளுக்கொரு விலை. பக்கத்துப் படுக்கைக்காரன் தேறினால் இவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சங்கம் வைப்பதற்கு எதிரான மிகச் சிறந்த ஏற்பாடு இது. எனவே முதல் கோரிக்கை அங்கிருந்தே தொடங்க வேண்டும்: கூடத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறுவனும் தொழிலாளி, அவனுக்குச் சங்கம் உண்டு. இரண்டாவது, பள்ளி முடியும்வரை எந்தக் கையெழுத்தும் செல்லாது, அது சான் பெத்ரோவானாலும் சமஸ்திபூரானாலும். மூன்றாவது, திருப்பி அனுப்பப்படுகிறவனின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் அவனை எடுத்த அணியே பொறுப்பு. நம் ஊரில் கிரிக்கெட் பயிற்சிப் பலகைகள் மளமளவென்று முளைக்கின்றன. ஏலத்தில் 13 வயது விலைபோன பிறகு, இந்த மூன்றையும் இங்கே யாரும் கேட்கத் தொடங்கவில்லை என்பதே இதை எழுதக் காரணம்.