கை வலிக்கு நாற்காலி காரணம்

ஆப்பிரிக்க மேளமான ஜெம்பே பழகத் தொடங்கிய மூன்றாவது வாரமே என் வலது மணிக்கட்டில் வலி. பல்கலைக்கழகக் குழுவின் நிகழ்ச்சிக்கு ஒரு மாதம்கூட இல்லை. சிறுவயதில் மிருதங்கம் கற்றவன் என்ற நினைப்பில் இன்னும் ஓங்கி அடித்தேன். வலி தோளுக்கு ஏறியது.

“கைய விடு தம்பி, முதல்ல நீ உட்கார்ந்திருக்கிறதப் பாரு,” என்றார் குழுவின் மூத்த அக்கா.

மிருதங்கத்துக்குச் சம்மணமிட்டால் போதும். நாற்காலியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

மாலி, கினி நாடுகளின் மாண்டே மக்களுடைய ஜெம்பே, ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் கோப்பை வடிவ மேளம். மேலே ஆட்டுத்தோல், அடிப்பகுதி திறந்திருக்கும். கனத்த ‘பேஸ்’ ஒலி அந்தத் திறப்பு வழியாகத்தான் வெளியேறும். நானோ மேளத்தை நேராக நிறுத்தி, அதைத் தரையால் அடைத்துவிட்டேன். ஒலி வராததற்குக் கையில் பலமில்லை என்று நினைத்தேன்!

இப்போது நாற்காலியின் முன்விளிம்பில் அமர்கிறேன், பாதங்கள் தரையில். மேளத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்து, மேல்பகுதியை முன்னால் சாய்த்தால் அடியில் இடைவெளி கிடைக்கிறது. தோலின் விளிம்பு தொடைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் முழங்கையிலிருந்து விரல்வரை நேராக இருக்கும், மணிக்கட்டு மடியாது. என் நாற்காலி தாழ்வாக இருந்ததால் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கியதும் சரியானது. மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள், தோலுக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

ஒரு வாரம் ஜெம்பேயைத் தொடவில்லை. நிகழ்ச்சியில் தனி வாசிப்பு கிடைக்கவில்லை. பின்வரிசையில் எளிய தாளம்தான். ஆனால் மண்டபத்தின் கடைசியில் நின்ற அம்மாவுக்கு என் பேஸ் கேட்டதாம்.