ஒளியை அளக்கும் இரண்டாவது கமரா

கையில் தொலைபேசி உள்ள எல்லோரும் இன்று படம் எடுக்கிறோம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கிறோம். கமராவுக்குள் பிலிம் போட்டு எடுப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அதிலும் ஸ்லைட் பிலிம் சிறு பிழையையும் பொறுக்காது. அந்த பிலிமில் படம் எடுக்க டிஜிட்டல் கமரா எவ்வாறு உதவுகிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சாதாரண கலர் பிலிமைக் கழுவினால் நெகட்டிவ் கிடைக்கும். அதிலிருந்து தாளில் பிரதி எடுக்கும்போது வெளிச்சத்தின் கூடுதல் குறைவை ஓரளவு சரிசெய்யலாம். ஸ்லைடிலோ கமராவுக்குள் இருந்த அதே பிலிம்தான் கழுவிய பின் படமாகிறது. வெளிச்சம் கூடினால் வெள்ளைப் பகுதிகள் வெறும் கண்ணாடி போலாகும். குறைந்தால் நிழல்கள் கறுத்துவிடும். ஒளியை இரு மடங்காக்குவதையோ பாதியாக்குவதையோ ஒரு ‘ஸ்டொப்’ என்பார்கள். ஸ்லைடில் அரை ஸ்டொப் பிசகினாலே கண்ணுக்குத் தெரியும். 35 மில்லிமீற்றர் சுருளொன்றில் 36 படங்களே எடுக்கலாம். பிலிம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. கொடக் நிறுவனம் கொடக்குரோம் ஸ்லைட் பிலிமை 2009இல் நிறுத்தியது. 2012இல் நிறுத்திய எக்டாகுரோமை 2018இல் மீண்டும் கொண்டுவந்தது.

பழைய கமராவிலுள்ள ஒளிமானிக்குத் தன் முன்னால் இருப்பது என்னவென்று தெரியாது. எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணியே கணக்கிடும். வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவும் அணிந்து நாம் வரிசையாக நின்றால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். சீருடை மங்கலாகும், முகங்கள் கறுக்கும். துன்ஹிந்த நீர்வீழ்ச்சியில் இதற்கு நேர்மாறு. சுற்றியுள்ள கரும்பாறையைக் கண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். விழும் நீர் வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும்.

இங்குதான் இரண்டாவது கமரா தேவைப்படுகிறது. முதலில் பிலிமின் ஐஎஸ்ஓ அளவையே டிஜிட்டல் கமராவிலும் வைக்க வேண்டும். பிலிம் 100 என்றால் இதுவும் 100. தானாக ஐஎஸ்ஓவை மாற்றும் வசதியையும், தானாக நிழலை வெளிச்சமாக்கும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். பின்னர் வில்லையின் துளையையும் ஷட்டர் வேகத்தையும் கையால் அமைத்து, அதே காட்சியை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் திரை ஏமாற்றும். ஆகவே கணித பாடத்தில் நாம் படித்த வலையுருவரையத்தைத் திரையில் வரவழைத்துப் பார்க்க வேண்டும். அது வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெள்ளைப் பகுதிகள் அழிகின்றன என்று பொருள். சரியாக வந்ததும், எப் 8, செக்கனில் 125இல் ஒரு பங்கு என்பது போன்ற அளவுகளை பிலிம் கமராவில் அப்படியே வைக்கலாம்.

ஸ்லைடும் டிஜிட்டலும் ஒரு விடயத்தில் ஒன்றுபோன்றவை. கூடிய வெளிச்சத்தில் இழந்ததை இரண்டிலும் மீட்க முடியாது. அதனாலேயே இம்முறை ஸ்லைடுக்குப் பொருந்துகிறது. ஆயினும் இரு கமராக்களும் அச்சொட்டாக ஒன்றாக இரா. பழைய ஷட்டர் தாமதமாக மூடக்கூடும். எனவே முதல் சுருளில் ஒரே காட்சியை அரை ஸ்டொப் கூட்டியும் குறைத்தும் எடுத்து, அளவுகளைக் கொப்பியில் குறித்துக்கொள்வது நல்லது. நீரைப் பஞ்சுபோலக் காட்டப் பல செக்கன்கள் ஷட்டரைத் திறந்து வைத்தால் பிலிமின் உணர்திறன் குறையும். டிஜிட்டல் கமரா இதைக் காட்டாது. அப்போது பிலிமுக்குரிய திருத்தத்தைச் சேர்க்க வேண்டும்.

ஒருமுறை என் சாச்சாவுடன் நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அனுமதி கேட்டு, டிஜிட்டல் கமராவால் அவரை எடுத்துப் பார்த்தார். பின்னாலிருந்த வெண்பனி அழகாக விழுந்தது; அந்த அம்மாவின் முகமோ இருட்டு. ஒன்றரை ஸ்டொப் கூட்டினார். முகம் தெளிந்தது, பனி முற்றாக வெளுத்துவிட்டது. இரண்டும் ஒரே ஸ்லைடில் அடங்காது என்பது பிலிமைத் தொடாமலேயே தெரிந்துவிட்டது. சாச்சா அவரைத் தேயிலைச் சரிவுப் பக்கமாக நிற்கச் சொல்லி, மீண்டும் அளந்து, பிலிமில் ஒரேயொரு படம் எடுத்தார். டிஜிட்டல் திரையைக் காட்டியபோது அந்த அம்மா, “போன தடவ யாரோ எடுத்தாங்க, மலை மட்டுந்தான் தெரிஞ்சிச்சு” என்றார்.

தேயிலைத் தோட்டப் படங்கள் பலவற்றில் மலை பளிச்சென்றிருக்கும், உழைப்பவரின் முகம் நிழலாயிருக்கும். அதற்கு அவரது நிறம் காரணமல்ல. எதற்காக அளப்பது என்பதை எடுப்பவர் தீர்மானிக்காததே காரணம்.

மாணவிகளே, தொலைபேசியிலும் இதைச் செய்து பார்க்கலாம். திரையில் முகத்தைத் தொட்டு, அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் அலுமாரியில் பழைய பிலிம் கமரா இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அதற்குத் துணையாக ஒரு டிஜிட்டல் கமராவைக் கொடுங்கள். பிள்ளைகள் ஒளியைப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள்.